கீபோர்டா கேம்பேடா: வீட்டு ஆர்கேட் பெட்டியில் மாட்டிக் கழற்றிய ஆறு போர்டுகள்

"மாமா, டிவி கவுந்துடுச்சு!" என்று அக்கா பையன் கத்தியதைக் கேட்டு, ஸ்டாண்டோடு விழுந்துவிட்டதாக்கும் என்று பதறி ஓடினேன். டிவி இருந்த இடத்தில்தான் இருந்தது. உள்ளே படம்தான் தலைகீழாக நின்றது, அவன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு விடாமல் ஆடிக்கொண்டிருந்தான். காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. மேம் என்பது பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர். அதில் பிளேயர் 1-இன் முதல் பட்டன் என்றால் கீபோர்டின் இடது கன்ட்ரோல், இரண்டாம் பட்டன் இடது ஆல்ட், ஜாய்ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் கீழ் அம்பு. அந்தப் பழைய கணினியின் கிராஃபிக்ஸ் ட்ரைவருக்கு இந்த மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையை 180 டிகிரி திருப்பு என்று அர்த்தம். பையன் குனிந்துகொண்டே குத்தையும் உதையையும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறான், ட்ரைவர் தனக்குச் சொன்னதைச் செய்துவிட்டது. நிமிர்த்தவும் அதே வழிதான்: இரண்டு பட்டனையும் பிடித்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும். அதை அவன் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான், அப்புறம் வேண்டுமென்றே கவிழ்த்து விளையாட ஆரம்பித்தான்.

ஆர்கேட் பெட்டி கட்டுகிறவர்கள் எல்லாரும் என்கோடர் போர்டு (எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் போர்டு) வாங்கும்போது முதலில் கேட்பது "டிலே எவ்வளவு?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆறு போர்டுகளை ஒரே பெட்டியில் மாட்டிக் கழற்றிய பிறகு சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போர்டு கணினியிடம் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறது, கீபோர்டு என்றா கேம்பேடு என்றா, இரண்டு பேர் ஆடினால் யார் முதல் ஆள் என்று அதற்கு எப்படித் தெரிகிறது, இதில்தான் என் தலைவலி முழுக்க இருந்தது. மீதித் தலைவலி கிரவுண்ட் ஒயரில்.

பெட்டியைப் பற்றி ஒரு வரி: ப்ளைவுட், இரண்டு ஜாய்ஸ்டிக், ஆளுக்கு ஆறு பட்டன், ஒரு ஸ்டார்ட், ஒரு காயின். ஜாய்ஸ்டிக் ஒவ்வொன்றிலும் நான்கு மைக்ரோஸ்விட்ச், ஆக ஒரு ஆளுக்கு 12, இரண்டு பேருக்கு 24 ஸ்விட்ச். இந்த 24-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போர்டு வாங்கும்போது இதுதான் கணக்கு.

முதல் போர்டு காசு கொடுத்து வாங்கியது இல்லை. பரணில் கிடந்த பழைய கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் கையகலச் சின்ன போர்டை எடுத்து, அதிலிருந்து ஒயர் இழுத்தேன். கேட்பதற்கு அழகான யோசனை. பிரித்ததும் முதல் அடி, அந்த போர்டில், விசைகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் வந்து உட்காரும் இடமெல்லாம் கார்பன் பூச்சு, சால்டர் ஒட்டவே ஒட்டாது. பிளேடால் சுரண்டி, அடியில் இருக்கும் செம்பை வெளியே கொண்டுவந்து, மெல்லிய ஒயரை வைத்து ஒட்டினேன். இருபதுக்கு மேற்பட்ட இடங்கள். ஒன்றை ஒட்டும்போது பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டியது கழன்று வரும். எந்த இரண்டு முனை சேர்ந்தால் எந்த எழுத்து என்று தனியாக ஒரு அட்டவணை வேறு போட வேண்டும்.

அதையும் பொறுத்துக்கொண்டு ஓட்டினேன். விமானம் சுடும் ஆட்டம் ஒன்றில், மேலே இடது மூலைக்குப் போகும்போது மட்டும் குண்டு வரவில்லை. வலது மூலைக்குப் போனால் வருகிறது. ஜாய்ஸ்டிக்தான் கோளாறு என்று இரண்டு முறை அதைப் பிரித்துப் பார்த்தேன், ஸ்விட்சை மாற்றினேன், நடுவில் அந்த ஜாய்ஸ்டிக்கை விற்றவரை மனதுக்குள் திட்டியதும் உண்டு. குற்றம் அதன் மேல் இல்லை. சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஒயர் கிடையாது, வரிசையும் பத்தியுமாக ஒரு கட்டம். மூன்று விசைகள் அந்தக் கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளாக அமைந்துவிட்டால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதா இல்லையா என்று போர்டுக்குச் சொல்லத் தெரியாது. தெரியாததால் மூன்றாவது விசையையே மறுத்துவிடும். மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் பல கீபோர்டுகளில் இதுதான் கதை. ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போட்டால் தீரும், ஆனால் அந்த ஃபிலிம் கீபோர்டில் டையோடு எங்கே போடுவது? ஒரு ஆள், இரண்டு பட்டன், பழைய ஆட்டம் என்றால் கீபோர்டைப் பிரிப்பது பரவாயில்லை. மற்றவர்களுக்கு, தயவுசெய்து வேண்டாம். டிவி கவிழ்ந்ததும் இந்த போர்டில்தான்.

இரண்டாவது, எல்லாரும் முதலில் வாங்கும் அந்த "ஜீரோ டிலே" யூஎஸ்பி என்கோடர். இதை ஒரே நிறுவனம் செய்வதாக நினைக்க வேண்டாம், பெயரே இல்லாமல் பல கைகளிலிருந்து வருகிறது, ஜாய்ஸ்டிக், பட்டன், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகவும் கிடைக்கும். ஒரு போர்டு ஒரு ஆளுக்கு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஒயர் வேலைக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு பின் கொண்ட தனி பிளக், ஜாய்ஸ்டிக்குக்கு ஐந்து பின் பிளக், சால்டர் வேண்டாம், கிரவுண்ட் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு பட்டனின் ஜோடி ஒயரிலும் அதன் கிரவுண்ட் கூடவே வந்துவிடுகிறது. முதல் முறை கட்டுகிற ஒருவர் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். கூட வரும் ஒயரின் நீளம் மட்டும் நம் பெட்டிக்குச் சரியாக இருக்க வேண்டும், இரண்டு ஆள் பேனலில் போர்டை எங்கே வைப்பது என்று தள்ளித் தள்ளிப் பார்த்துத்தான் இடம் பிடித்தேன்.

இப்போது கெட்டது. இரண்டு போர்டு மாட்டினேன், இரண்டும் ஒரே அச்சு, யூஎஸ்பியில் சொல்லும் அடையாள எண் ஒன்றே, பெயரும் ஒன்றே, சீரியல் எண் இல்லை. கணினியின் பார்வையில் இரட்டைப் பிள்ளைகள். இன்று பிளேயர் 1 இடது பக்கம், நாளைக்குக் கணினியை அணைத்துப் போட்டால் வலது பக்கம். நான்கைந்து நாள் சரியாக இருக்கும், சரியாகிவிட்டது என்று நம்பும் நேரம் பார்த்து விருந்தாளி முன்னால் மாறும். லினக்ஸில் எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துக் காட்ட வழி உண்டு, மேமிலும் கன்ட்ரோலர் ஃபைலில் எந்தச் சாதனம் எந்த ஜாய்ஸ்டிக் என்று எழுதி வைக்கலாம், ஆனால் இதையெல்லாம் ஒவ்வொரு எமுலேட்டருக்கும், ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனுவான ஃப்ரண்ட்எண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய உட்கார்ந்தால் விளையாட நேரம் இருக்காது. நான் கடைசியில் பேனலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன், "மாறியிருந்தால் நாற்காலியை மாற்றிக்கொள்ளவும்" என்று. ஒரே ஆள் ஆடும் பெட்டிக்கு இந்தத் தொல்லை எதுவுமே இல்லை, தாராளமாக வாங்கலாம். இன்னொன்று, அந்த போர்டில் டர்போ, ஆட்டோ என்று தனிப் பின்கள் இருக்கும். அவற்றில் பட்டன் மாட்டாதீர்கள். நான் ஒரு பட்டன் மிச்சம் இருக்கிறதே என்று மாட்டினேன், யாரோ தெரியாமல் அழுத்தி, அதன் பிறகு ஒரு வாரம் ஒரு குத்து கொடுத்தால் பத்து குத்து விழுந்துகொண்டிருந்தது.

பெயரில் இருக்கும் "ஜீரோ" பற்றியும் பேசிவிடலாம். யூஎஸ்பியில் சாதனம் தானாகப் பேசாது, கணினி கேட்கும்போதுதான் பதில் சொல்லும். லோ ஸ்பீட் வகைச் சாதனத்தைக் கணினி 8 அல்லது 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை கேட்கும், ஃபுல் ஸ்பீட் சாதனத்தை 1 மில்லி விநாடிக்கு ஒரு முறைகூடக் கேட்க முடியும். பட்டனை எந்த நேரத்தில் அழுத்தினோம் என்பதைப் பொறுத்துக் காத்திருப்பு மாறும், சராசரியாக அந்த இடைவெளியில் பாதி. ஆட்டமோ விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி. ஆகவே 8-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஃப்ரேமில் பாதிகூட இல்லை. சண்டை ஆட்டத்தில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம், எனக்கு என் கை அதைவிட மெதுவு. டிவியில் கேம் மோடு போடாமல் இருந்தால் அது மட்டுமே பத்துகளில் மில்லி விநாடியைத் தின்றுவிடும். என்கோடரைக் குறை சொன்ன நண்பர் ஒருவருக்கு டிவி ரிமோட்டை எடுத்து அந்த ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்தேன், பிரச்சினை போய்விட்டது.

மூன்றாவதாக ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கணினி. ஆட்டத்தை ஓட்டும் கணினியே பை என்றால், நடுவில் என்கோடரே எதற்கு, அதன் 40 பின் வரிசையில் நேராக ஒயரைச் செருகிவிடலாமே என்று தோன்றும். அந்த 40-இல் உள்ளீட்டுக்குப் பயன்படும் பின்கள் 26, நமக்கு வேண்டியது 24. பொருந்திவிடுகிறது, அதுவே ஒரு சபலம். அதற்கு ட்ரைவர் போட்டு ஓட்டினேன், நன்றாகவே ஓடியது, அப்புறம் ஒரு நாள் சிஸ்டம் அப்டேட் கொடுத்தேன், கெர்னல் மாறியது, ட்ரைவர் ஏறவில்லை, 24 பட்டனும் செத்த பொம்மை. கீபோர்டு ஒன்றைத் தேடி மாட்டித்தான் சரிசெய்ய முடிந்தது. அதைவிட, ஆட்டம் ஓடும் கணினியின் பின்னில் நேராக 24 ஒயரைத் தொங்கவிடுவதே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பின்கள் 3.3 வோல்ட் வகை, 5 வோல்ட் ஒரு தடவை பட்டாலும் போகக்கூடும், போனால் போவது என்கோடர் அல்ல, முழுக் கணினி.

நான்காவது, நாமே புரோகிராம் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ குடும்பத்தில் ப்ரோ மைக்ரோ. இதில் கவனிக்க வேண்டியது சிப். ஏடிமெகா32யூ4 உள்ள லியோனார்டோ, ப்ரோ மைக்ரோ போன்றவை தாமாகவே யூஎஸ்பி கீபோர்டாக நடிக்கும், வீட்டில் கிடக்கிறதே என்று பழைய ஊனோவை எடுத்தால் அதன் முதன்மைச் சிப்பில் நேரடி யூஎஸ்பி கிடையாது, சுற்றி வளைத்துத்தான் செய்ய வேண்டும். ப்ரோ மைக்ரோவில் 18 பின், ஒரு ஆளுக்குத் தாராளம், இரண்டு ஆளுக்குக் கட்டம் போட வேண்டிவரும், கட்டம் போட்டால் மறுபடி டையோடு. புரோகிராம் எழுதப் பிடித்தவர்களுக்கு நல்ல பொழுது. எனக்கும் பிடித்தது, மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்து கேபிளோடு கையில் வரும் வரை. பெயர் போடாத மலிவான நகல் அது. சாக்கெட்டைச் சுற்றி ஹாட் க்ளூ வைத்திருந்தால் தப்பித்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஐந்தாவது ஐ-பேக் 2, பிரிட்டனில் அல்டிமார்க் செய்வது. ஆர்கேட் பெட்டிக்கென்றே பிறந்த போர்டு, பெட்டி கட்டுகிறவர்கள் நடுவில் ரொம்பப் பழைய பெயர். நண்பர் ஒருவரின் பெட்டிக்கு ஒயர் வேலை நான்தான் செய்தேன், அப்போது இரண்டு வாரம் என் பெட்டியில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது மூன்று. ஒன்று, ஸ்க்ரூ டெர்மினல். ஒயர் முனையை உரித்து, உள்ளே விட்டு, ஸ்க்ரூ ட்ரைவரால் முறுக்கினால் முடிந்தது. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் எது யாருடைய எந்தப் பட்டன் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டு, ஒவ்வொரு உள்ளீடும் தனித்தனி, கட்டம் கிடையாது, எத்தனை பட்டனைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்று இன்னொன்றை மறைப்பதில்லை. மூன்று, இதுதான் முக்கியம், ஒரே போர்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பிளேயர் 1-க்கு அம்பு விசைகள், பிளேயர் 2-க்கு ஆர், எஃப், டி, ஜி எழுத்துகள், காயின் 5 மற்றும் 6, ஸ்டார்ட் 1 மற்றும் 2. இவையெல்லாம் மேமின் வழக்கமான விசைகளே, செருகியதும் ஆடத் தொடங்கலாம். நூறு முறை அணைத்துப் போட்டாலும் இடது பக்கம் இடதுதான். அம்பு விசை ஒருநாளும் எஃப் ஆகாது இல்லையா.

ஷிஃப்ட் வசதியையும் சொல்ல வேண்டும். பிளேயர் 1 ஸ்டார்ட்டைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை அழுத்தினால் அது வேறு விசையாகப் போகும். ஸ்டார்ட் 1-ஐயும் ஸ்டார்ட் 2-ஐயும் சேர்த்தால் எஸ்கேப், அதாவது ஆட்டத்தை விட்டு வெளியே. பேனலில் தனியாக ஒரு "வெளியே" பட்டன் வைத்துப் பிள்ளைகள் நடு ஆட்டத்தில் அழுத்தும் தொல்லை போயிற்று. குறை என்றால் விலை, பெயரில்லாத போர்டுகளைவிட நன்றாகவே கூட. கீபோர்டாக ஓடும்போது அந்தக் கன்ட்ரோல், ஆல்ட் விவகாரமும் இதில் உண்டு, ஏனென்றால் விசைகள் அவையே. விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேட்டுக்கொண்டு ஒரு பெட்டி வரும், பிளேயர் 1-இன் நான்காம் பட்டன் இடது ஷிஃப்ட். வேகமாகத் தட்டுகிற எவருக்கும் அது வந்தே தீரும். ஆகவே முதல் நாளே ஸ்டிக்கி கீஸை அணைத்துவிடுங்கள், கிராஃபிக்ஸ் ட்ரைவரின் ஷார்ட்கட்டையும் அணைத்துவிடுங்கள், அல்லது விசைகளையே மாற்றிவிடுங்கள். இப்போதைய ஐ-பேக் 2 கேம்பேடாகவும் நடிக்கும், விசை மாற்ற அவர்களுடைய மென்பொருளும் உண்டு.

கேம்பேடாக நடிப்பது யாருக்கு வேண்டும் என்றால், மேமைத் தாண்டி இன்றைய கணினி ஆட்டங்களை ஆடுகிறவர்களுக்கு. அவற்றில் பல எக்ஸ்இன்புட் (எக்ஸ்பாக்ஸ்) வகைக் கேம்பேடைத்தான் தெரிந்துகொள்ளும், ஒரே கீபோர்டில் இரண்டு பேர் என்றால் விழிக்கும். அப்படி ஆடுவது உங்கள் வழக்கம் என்றால் நான் கீபோர்டு பக்கம் சாய்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறாவது, இப்போது என் பெட்டியில் இருப்பது: இரண்டு ராஸ்பெர்ரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் வந்த குட்டி போர்டு, ஆர்பி2040 சிப், 26 பின். அதில் ஜிபி2040-சிஇ என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர், போர்டைக் கேம்பேடாகவோ கீபோர்டாகவோ நடிக்க வைக்கும் மென்பொருள். ஏற்றுவது வெகு எளிது, பூட்செல் பட்டனைப் பிடித்துக்கொண்டு கணினியில் செருகினால் பென்டிரைவ் மாதிரி திறக்கும், ஃபைலை இழுத்துப் போட வேண்டியதுதான். அப்புறம் ஸ்டார்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு செருகினால், பிரவுசரில் 192.168.7.1 என்று போட்டதும் அமைப்புப் பக்கம் வருகிறது, எந்தப் பின் எந்தப் பட்டன் என்று அங்கேயே மாற்றலாம். தனி மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டாம், விண்டோஸா லினக்ஸா என்ற கேள்வியும் இல்லை. முதல் முறை அந்தப் பக்கம் திறந்தபோது, கையகலம்கூட இல்லாத போர்டுக்குள்ளிருந்து ஒரு வெப்சைட் வருகிறதே என்று கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிக்கோ ஒரு ஆள்தான். அப்படியானால் இரட்டைப் பிள்ளை சிக்கல் திரும்ப வராதா? கேம்பேடாக வைத்தால் வரும். அதனால் இரண்டையும் கீபோர்டு மோடில் போட்டு, ஒன்றுக்கு அம்பு விசைகளும் மற்றொன்றுக்கு ஆர், எஃப், டி, ஜி-யும் கொடுத்தேன். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் ஒழித்துவிட்டு வேறு எழுத்துகளைப் பட்டனுக்குக் கொடுத்து, மேமிலும் அதையே மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து டிவி கவிழவில்லை, நாற்காலி ஸ்டிக்கரையும் கிழித்துவிட்டேன். சண்டை ஆட்டப் பித்து பிடித்த தம்பி வந்தால் அவன் பக்கத்து போர்டை மட்டும் கேம்பேடு மோடுக்கு மாற்றித் தருகிறேன். செருகும்போது ஒரு குறிப்பிட்ட பட்டனைப் பிடித்துக்கொண்டால் மோடு மாறும், மாறியது நினைவிலும் நிற்கும். இதுவே ஒரு தடவை எனக்கு எதிராகவும் வேலை செய்தது: நான் பெட்டிக்கு கரண்ட் போடும்போது பையன் பொறுமையில்லாமல் பட்டன்களைக் குத்திக்கொண்டிருந்தான், போர்டு வேறு மோடில் எழுந்தது, நான் ஒயரைச் சந்தேகப்பட்டு பேனலைத் திறந்து அரை நாள் வீணாக்கினேன்.

பிக்கோவின் குறை, சால்டர் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் ஸ்க்ரூ டெர்மினல் வைத்த அடித்தட்டு போர்டு வாங்கி அதில் பிக்கோவைச் செருகலாம், அல்லது மேலே சொன்ன ஐ-பேக். எனக்கு இரண்டில் எது என்று கேட்டால், இரண்டு பேர் பெட்டி, மேம் மட்டும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிய வேண்டும் என்றால் ஐ-பேக். கையில் சால்டர் அயர்ன் இருக்கிறது, நோண்டப் பிடிக்கும் என்றால் இரண்டு பிக்கோ. ஒரே ஆள், குறைந்த செலவு என்றால் அந்த ஜீரோ டிலே.

இனி ஒயர். போர்டு எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான், ஒவ்வொரு ஸ்விட்சின் ஒரு காலில் கிரவுண்ட், மறு காலில் அந்தப் பட்டனுக்கான ஒயர். அழுத்தினால் பின் கிரவுண்டோடு சேரும், போர்டு அதைப் பார்க்கும். மைக்ரோஸ்விட்சில் மூன்று கால் இருக்கும்: காம் (பொதுவானது), என்ஓ (அழுத்தினால் சேரும்), என்சி (அழுத்தினால் பிரியும்). நமக்கு வேண்டியது காம், என்ஓ. என்சி-யில் மாட்டினால் பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும், விரலை வைத்தால் விடுபடும். ஆட்டம் தொடங்கியதும் உங்கள் ஆள் தானாகச் சுட்டுக்கொண்டே இருந்தால் அங்கே பாருங்கள்.

ஒயர் வாங்கும்போது பலரும் தடிமனாக வாங்குகிறார்கள். தேவையே இல்லை, இதில் ஓடும் கரண்ட் மில்லி ஆம்பியரில்கூட ஒரு துளி. 22 கேஜ், பல இழை உள்ளது போதும். ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், பேனலைத் திறந்து மூடும்போது மடிந்து மடிந்து உள்ளேயே முறியும், மேலே பிளாஸ்டிக் உறை நன்றாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தி ஸ்விட்சின் காலில் செருகும் க்ரிம்ப் லக், அதன் அளவுதான் நான் சறுக்கிய இடம். பட்டன் ஸ்விட்சின் கால் 4.8 மில்லிமீட்டரும் உண்டு, 6.3-உம் உண்டு, சான்வா போன்ற ஜப்பானிய பட்டன்களில் 2.8. நான் பார்க்காமல் 6.3 லக்கை நூறு வாங்கிவிட்டேன், என் பட்டனோ 4.8. போட்டால் உட்காருகிறது, இரண்டு ஆட்டம் ஆடியதும் வழுக்கிக் கழல்கிறது. குறடால் நசுக்கிச் சமாளித்தேன், பிறகு எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தேன். பட்டனைக் கையில் வைத்து ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு லக் வாங்குங்கள். பலகையில் துளைக்கும் இதே பேச்சுதான், சான்வா வகைக்கு 30 மில்லிமீட்டர், அமெரிக்க வகைக்கு 28 சொச்சம். சின்னத் துளையைப் பெரிதாக்கலாம், பெரிய துளையை ஒன்றும் செய்ய முடியாது.

கிரவுண்டை 24 தனி ஒயராக இழுக்க யாரும் மாட்டார்கள். ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று பூ கட்டுவது மாதிரி தொடுத்துக்கொண்டே போவதுதான் வழக்கம். நானும் தொடுத்தேன். ஒரு நாள் நடு ஆட்டத்தில் பிளேயர் 2-இன் கடைசி நான்கு பட்டன் ஒன்றாகப் படுத்துக்கொண்டது, ஒன்று கெட்டால் பட்டன், நான்கும் சேர்ந்து கெட்டால் கிரவுண்ட் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் போட்டு, ஒரு முனையை போர்டின் கிரவுண்டில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுக்கொண்டே போனேன். பீப், பீப், பீப், அப்புறம் மௌனம். மூன்றாம் பட்டனுக்கும் நான்காம் பட்டனுக்கும் நடுவில் ஒரு லக்கில் ஒயரின் இழைகளைப் பிடிக்காமல் உறையைப் பிடித்து நசுக்கியிருந்தேன். ஆறு மாதம் அது எப்படி வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். அதற்குப் பிறகு செய்த ஒரே மாற்றம், தொடுத்த ஒயரின் வால் முனையையும் கொண்டுவந்து போர்டின் கிரவுண்டிலேயே சேர்த்துவிட்டேன். வளையமாகிவிட்டால் எங்கே ஒரு இடம் விட்டாலும் மறுபக்கமிருந்து வந்துவிடும். ஒரு முழம் ஒயர் அதிகம், அவ்வளவுதான். பிக்கோவில் ஐந்து பின்னுக்கு ஒன்று என்று கிரவுண்ட் வருவதால் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஜாய்ஸ்டிக் ஒயரில் எல்லாரும் ஒரு முறை ஏமாறுவார்கள். குச்சியை இடது பக்கம் தள்ளினால், அடியில் அதன் முனை வலது பக்கம் போகிறது, அழுத்தப்படுவது வலது பக்கத்து ஸ்விட்ச். பேனலைக் கவிழ்த்துப் போட்டு ஒயர் மாட்டும்போது அதற்கு மேல் இன்னொரு குழப்பம், கவிழ்த்ததால் இடது வலது ஏற்கெனவே மாறியிருக்கிறது. யோசித்துச் செய்யாதீர்கள். குச்சியைத் தள்ளிப் பாருங்கள், எந்த ஸ்விட்ச் "க்ளிக்" என்கிறதோ அதில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி "இடது" என்று எழுதுங்கள், நான்கையும் எழுதிவிட்டு ஒயரைத் தொடுங்கள். பழைய பேக்-மேன் மாதிரி நான்கு திசை ஆட்டங்களுக்கு எட்டுத் திசைக் குச்சி சரிவராது, மூலைக்குப் போய்ச் சிக்கும், அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டைத் திருப்பி மாட்ட முடிகிற ஜாய்ஸ்டிக்காகப் பாருங்கள். இதற்கு எந்த என்கோடரும் உதவாது.

விளக்கு எரியும் பட்டன் வாங்கியிருந்தால் இன்னும் ஒரு பயம் உண்டு. அதில் ஸ்விட்சின் கால்கள் போக விளக்குக்கென்று இரண்டு கால், 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் அதற்குப் போகும். நான் நள்ளிரவில், ஒரே நிற ஒயரில், விளக்கின் 5 வோல்ட்டை ஸ்விட்ச் காலில் மாட்டினேன். பிக்கோவின் பின்களும் 3.3 வோல்ட்தான். ஒரு பின் செத்தது, நல்லவேளை போர்டு பிழைத்தது. ஒயரைப் பக்கத்தில் காலியாக இருந்த பின்னுக்கு மாற்றி, பிரவுசரில் அந்தப் பட்டனின் எண்ணை மாற்றியதும் வேலை செய்தது. இப்போது விளக்குக்கு மஞ்சள் ஒயர், கிரவுண்டுக்குக் கறுப்பு, மற்றதெல்லாம் வேறு நிறம், தூக்கக் கலக்கத்தில் ஒயர் வேலை கிடையாது.

மாட்டி முடித்ததும் நேராக ஆட்டத்தைத் திறக்காதீர்கள். கீபோர்டு வகை என்றால் ஒரு நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால், எழுத்து கொடுத்த பட்டனுக்கு எழுத்து வருகிறதா என்று தெரிந்துவிடும், அம்பு, கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்றவைக்கு எழுத்து வராது. கேம்பேடு என்றால் விண்டோஸில் ஜாய்.சிபிஎல், லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட் அல்லது ஈவிடெஸ்ட். மூன்று நான்கு பட்டனைச் சேர்த்துப் பிடித்தும் பாருங்கள், ஒற்றை ஒற்றையாகச் சரியாக வருவது என் பழைய கீபோர்டிலும் வந்தது.

உருட்டும் பந்தான ட்ராக்பாலும் சுழற்றும் குமிழான ஸ்பின்னரும் இந்தக் கணக்கில் வராது. அவை ஸ்விட்ச் அல்ல, சுற்றச் சுற்ற இரண்டு ஒயரில் துடிப்புகளை அனுப்புபவை, கணினி அதை மவுஸாகப் பார்க்க வேண்டும், பட்டன் மட்டும் பார்க்கிற போர்டில் செருகி ஒன்றும் ஆகாது. பெட்டியில் ஸ்பின்னருக்குத் துளை போட்டு மூடி வைத்திருக்கிறேன். சாக்கெட் பெயர்ந்த அந்த ப்ரோ மைக்ரோவுக்குப் புதுச் சாக்கெட் ஒட்டினால் அதற்கு ஆகும் என்று நினைக்கிறேன், சாக்கெட் வாங்கி மேசையில் கிடக்கிறது.